தாளு சிக்கின நாளுக

நவம்பர் 27, 2023
பிரிண்டர்ல தாளு திரும்ப சிக்கிட்டு. கணக்கு மாடல் பேப்பர் 18 காப்பி எடுத்திருப்பேன், கரகரன்னு ஒரு சத்தம், ஆரஞ்சு லைட்டு மினுங்குது. பிள்ளைக ஆறு மணிக்கு டியூஷனுக்கு வந்துருமேன்னு அவசரத்துல மேல பாத்து வெடுக்குன்னு இழுத்துட்டேன், பாதி கையில, பாதி உள்ள. நேத்து கார்த்திகை விளக்கு ஏத்தையிலயும் இதே நெனப்புதான்.
கப்பலுக்குப் போன அவுககிட்ட இருந்து போன் இல்ல.

நவம்பர் 28
3 தடவ.

நவம்பர் 30
பிளக்க பிடுங்கிட்டு பின்மூடிய கழத்திப் பாத்தேன். தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு ரெண்டு ரோலருக்கு நடுவுல மடங்கிக் கெடக்கு. அது கெடந்தா அடுத்து வார தாளெல்லாம் அதுல முட்டித்தான நிக்கும். இனிமே தாளு போற போக்குலதான் இழுக்கணும், ரெண்டு கையாலயும், மெதுவா. கிழிஞ்சிட்டுன்னா துண்டெல்லாம் தரையில சேத்து வச்சு முழுத்தாளு ஆகுதான்னு பாக்கணும், ஒரு மூலை கொறஞ்சாலும் அது உள்ளதான் இருக்கு.

டிசம்பர் 2
20 தாளு ஒழுங்கா வந்துது, அப்புறம் ரெண்டு தாளா ஒட்டிக்கிட்டு போய் நின்னுட்டு. பிரிச்ச தாளுக்கட்டை ஜன்னல் திண்டுலயே வச்சிருந்திருக்கேன், ஐப்பசியில இருந்து அடிக்க ஈரமெல்லாம் அது குடிச்சிருக்கு. மேசையில ஒரு தாள வச்சுப் பாத்தா நாலு மூலையும் அப்பளம் மாதிரி எந்திரிச்சு நிக்கு. அதுவும் மெல்லிசுத் தாளு, 70 ஜிஎஸ்எம். ஜங்ஷன்ல போய் 75 வாங்கிட்டு வந்து மூடி வச்ச பிளாஸ்டிக் டப்பாவுல போட்டுட்டேன், வேணும்ங்கும்போது 30 தாளு மட்டும் எடுத்து, விசிறி மாதிரி விரிச்சு தட்டிட்டு வைக்கேன். 100 தாளு பிடிக்கும்னு போட்டிருந்தாலும் திணிக்கக் கூடாது.
கப்பல் இப்ப எங்க நிக்கோ.

டிசம்பர் 5
அத்தை காலையில இருந்து டிவில சென்னை வெள்ளத்தையே பாத்துக்கிட்டு இருக்காவ. பிரிண்டர் பக்கமே போகல.

டிசம்பர் 6
அவுக இருந்தா முதல்ல "எங்க வச்சு நிக்கி?"ன்னுதான் கேப்பாக. அதனால சிக்கின தாள எல்லாம் எடுத்து வச்சு அளந்தேன். சிலது தலைப்புலயே, சிலது நடுவுல, சிலது உள்ளயே போகாம சும்மா உருளுது. ஒரே எடத்துல நின்னா அந்த எடத்துல ஏதோ கெடக்குன்னு அர்த்தம், இப்படி மாறி மாறி நின்னா பிடிச்சு இழுக்க ரோலருக்குப் பிடிமானம் இல்ல. பாத்தா ரப்பரு வழுவழுன்னு மினுங்குது, தாளுத்தூசி படிஞ்சு போய். பழைய வேட்டித் துணிய நனைச்சு ஒட்டப் பிழிஞ்சு, ரோலர விரலால உருட்டி உருட்டி துடைச்சேன், துணி கரிக்கட்டையா போச்சு. ஸ்பிரிட் போட வேண்டாம்னு எதுத்த வீட்டுத் தம்பி சொல்லிட்டான், ரப்பரு காஞ்சு வெடிச்சிருமாம். நல்லா காஞ்சப்புறம்தான் மூடினேன்.
தாளு ஓரத்துல நிக்க கைடும் லூசா இருந்துது, அதான் கோணிக்கிட்டு போயிருக்கு. தாளத் தொட்டும் தொடாம நகத்தி வச்சேன்.

டிசம்பர் 8, வெள்ளி
உள்ள தாளே இல்ல. சிக்கியிருக்குன்னு சொல்லுது. அழுக வந்துட்டு.
அவுக கப்பல் கம்பெனி ஆபீசுக்கு போன் பண்ணேன், சைன் ஆஃப், அதான் கப்பல விட்டு எறங்குத தேதி, தெரிஞ்சா சொல்லுதோம்ங்காங்க. போன தடவயும் இதத்தான் சொன்னாங்க.

டிசம்பர் 10
கண்டுபிடிச்சிட்டேன்!! மொபைல் டார்ச்ச அடிச்சு ஒரு மணி நேரம் பாத்தேன். உள்ள நகத்தளவுல ஒரு கருப்பு நெம்பு இருக்கு, தாளு வந்தா அது சாயும், தாளு போனதும் எந்திரிக்கணும், எந்திரிக்கலன்னா தாளு இன்னும் உள்ளதான் இருக்குன்னு மிஷினு நெனச்சுக்கிடும். அந்த நெம்புக்கு அடியில காஞ்ச பிச்சிப்பூக் காம்பு! பின்னாடி தாளு வைக்க வாய் மேல பாத்து திறந்து கெடக்கு, நேர மேல சாமி ஸ்டாண்டு. வெள்ளிக்கெழம தோறும் நான் சாத்துத பூவு. புருவம் எடுக்க கிடுக்கிய வச்சு மெதுவா எடுத்தேன், நெம்பு டக்குன்னு எந்திரிச்சுது. பிரிண்டர எதுத்த சுவத்துக்கு மாத்தியாச்சு, வேல முடிஞ்சா வாய மூடி ஒரு துண்ட போட்டுருதேன்.

டிசம்பர் 14
62 காப்பி. ஒண்ணு கூட சிக்கல. அரையாண்டுக்கு பிள்ளைக எல்லாத்துக்கும் கொடுத்தாச்சு. இத அவுககிட்டதான் முதல்ல சொல்லணும்னு வாய்ஸ் போட்டேன், ஒத்த டிக்குலயே நிக்கு.

டிசம்பர் 16
ராத்திரி மழ.

டிசம்பர் 17, ஞாயிறு
மார்கழி 1. கோலம் போட வாசலே இல்ல, விடிஞ்சும் விடல, இப்படி ஒரு மழைய எங்க திருநெல்வேலி சிந்துபூந்துறையில நான் பாத்ததில்ல. குறுக்குத்துறையில கோயில மூடிட்டு தண்ணி போகுதாம். கரண்டு இல்ல. ஆத்தோரத்துல இருக்கவங்க மேட்டுக்குப் போங்கன்னு மைக்குல சொல்லிட்டுப் போறாங்க.
தாளு டப்பாவையும் பிள்ளைக நோட்டையும் பரண்ல ஏத்திட்டேன். அடுத்து பிரிண்டர். சாய்ச்சா டாங்குல இருக்க இங்க் கொட்டிரும், நிமுந்தாப்புலதான் தூக்கணும். மாமா கீழ நின்னு பிடிக்காவ. தண்ணி ரெண்டாவது படிக்கு வந்துட்டு, போன்ல 9% தான் இருக்கு, அவுக கூப்பிட்டா