வட்ட இலையைத் தேடி மூன்று முறை

பாறை இடுக்கில் அந்த நீலப் பூவைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுதான் பெயரை உறுதியாகக் குறித்து வைத்தேன்: கம்பானுலா ரொட்டுண்டிஃபோலியா. ஆங்கிலத்தில் ஹேர்பெல்.

முதல் முறை பூவை மட்டும் படம் எடுத்தேன். ஒரு சாண் உயரத்தில் நூல் மாதிரித் தண்டு, நுனியில் தலை கவிழ்ந்த மணி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மலையில் பூக்கும் நீல ஆளியோ (ஆளிவிதைச் செடியின் உறவு) என்று குழப்பம் வந்தது. ஆளிப்பூவின் ஐந்து இதழும் தனித்தனியாக உதிரும். இதில் ஐந்தும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு விளிம்பில் மட்டும் பிரிந்திருந்தன. சரி, கம்பானுலாதான். ஆனால் அந்தப் பேரினத்தில் 400-க்கும் மேல் இனங்கள் இருக்கின்றன.

இரண்டாம் முறை இலையைப் பார்த்தேன். தண்டு முழுக்கப் புல் மாதிரி ஒடுங்கிய இலைகள். ரொட்டுண்டிஃபோலியா என்றால் வட்ட இலை. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். இது அதுவாக இருக்காது என்று பட்டியலிலிருந்தே அடித்துவிட்டேன். அப்புறம்தான் படித்தேன்: வட்ட இலைகள் அடியில்தான் இருக்குமாம், பூக்கிற நேரத்தில் பெரும்பாலும் வாடிவிடுமாம்.

மூன்றாம் முறை 10 மடங்கு லென்ஸோடு போய் முழங்காலிட்டு, பாசியை மெல்ல விலக்கினேன். பூக்காத ஒரு தளிரில் இருந்தது! சுண்டுவிரல் நகமளவு வட்டம், காம்பு சேரும் இடத்தில் இதய வடிவ வளைவு, ஓரத்தில் மழுங்கிய பற்கள். அந்த நீளக் காம்பைத் தொட்டபோது கை நடுங்கியது. தண்டிலை ஒன்றைக் கிள்ளினேன். வெள்ளைப் பால் கசிந்தது. அதுவும் கம்பானுலாவின் குடும்பத்துக்குப் பொருந்துகிறது. அதே தூரில் போன வருடத்துக் காய்ந்த தண்டும் நின்றது. பல்லாண்டுச் செடி என்பதற்கு அது போதும். வேரைத் தோண்டவில்லை, தோண்டவும் கூடாது.

லென்ஸ் கையில் இருந்ததால் பூக்களுக்குள்ளும் பார்த்தேன். அப்போதுதான் விரிந்த பூவில் நடுத்தண்டு முழுக்க மகரந்தம் அப்பியிருந்தது. மொட்டிலேயே மகரந்தப்பைகள் வெடித்து அதன் மேல் பூசிவிடுகின்றன. பக்கத்தில் இருந்த பழைய பூவில் மகரந்தத்தாள்கள் சுருண்டு கிடந்தன; நடுத்தண்டின் நுனியில் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி மூன்றாகப் பிரிந்து விரிந்திருந்தது. தன் மகரந்தம் தீர்ந்த பிறகுதான் அடுத்த பூவின் மகரந்தத்துக்கு இடம் கொடுக்கிறது. இதை நேரிலே பார்த்ததுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

காய் இன்னும் பச்சையாகத் தொங்குகிறது. முற்றினால் காம்பையொட்டித் துளைகள் திறக்கும். அதைப் படம் பிடிக்க இன்னொரு முறை போகவேண்டும்.