கித்தாநாட்டுப் படை தயார்

மேசைமேல் ஆடும் பொம்மைப் போர் விளையாட்டுக்காக நான் கற்பனையில் படைத்த ரப்பர் தோட்ட நாடு கித்தாநாடு (கித்தா என்றால் ரப்பர்). ஒருவழியாக அதன் ஈட்டிப்படை தயார். ஈட்டி எல்லாம் இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சியைச் சீவியது. கேடயம் பழைய சட்டைப் பொத்தான். ஆள் உயரம் 28 மில்லிமீட்டர், உடம்பு எப்பாக்ஸி களிமண். காலடியில் ஹார்ட்வேர் கடை வாஷர். அந்தக் கனம் இருந்தால்தான் மின்விசிறிக் காற்றுக்குச் சாயாமல் நிற்பான். வாஷர் மேல் பசை தடவி, வாசல் செம்மண்ணைச் சலித்துத் தூவினால் மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்த் தரையே வந்துவிடும்.

கண் வைப்பதுதான் பெரும்பாடு. பல்குத்தி நுனியில் துளி கறுப்பு, மூச்சை அடக்கி ஒரே தொடல். கொஞ்சம் ஆடினாலும் வீரனுக்கு மாறுகண்.

எதிரி? செம்பனைப் (எண்ணெய்ப்பனை) பேரரசு, வேறு யார்! எங்கள் பால்மரக் (ரப்பர் மரக்) காட்டை விழுங்கிக்கொண்டே வரிசை வரிசையாக வருகிறார்கள்.

"நம்ம நாட்டுக்கு ராஜா இல்லையா மாமா?" என்றான் அக்கா மகன். தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிதான் ஆள்கிறார், கொடியில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணமும் மரம் சீவும் வெட்டுக்கத்தியும் என்றேன். அவனுக்கு ராஜாதான் வேண்டுமாம். அரசியலமைப்பைத் திருத்த முடியாதுடா என்று சொல்லிவிட்டேன்.

சின்னப்பிள்ளை விளையாட்டு என்பவர்களுக்கு: 1824-லேயே பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் வரைபடம் விரித்து, கட்டைகளைப் படைகளாக நகர்த்தி, பகடை உருட்டிப் போர் பழகினார்கள். சேதம் எவ்வளவு என்று நடுவர் சொல்வார். எங்கள் நடுவர் அக்கா. சோறு ஆறினால் போரை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு உண்டு.

ஞாயிறு மாலை முதல் மோதல். செம்பனைப் பக்கம் தளபதி தேவை. வருகிறவர்கள் சொல்லுங்கள், பகடை என்னிடம் இருக்கிறது.