மூன்று வாரம் உறுத்திய அரை பென்னி

நேற்று இரவு பதினொன்றரைக்குக் கணக்கு நேரானது. தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பணக்கார வாரிசு இசபெல் டி கிளேரின் சொத்து யார் யாருக்குப் போனது என்று நான் வரைந்துகொண்டிருக்கும் குடும்ப மரத்தைப் பற்றித்தான். அப்பா ‘ஸ்ட்ராங்போ’ என்ற நார்மன் பிரபு, அம்மா ஈவா லென்ஸ்டர் மன்னனின் மகள். தம்பி சின்ன வயதிலேயே போய்விட்டதால் அயர்லாந்தில் லென்ஸ்டர், வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ, அஸ்க் எல்லாம் இவள் கைக்கு வந்தன. 1189இல் வில்லியம் மார்ஷல் என்ற ஆங்கிலேய மாவீரனுக்குக் கட்டிவைத்தார்கள். இதுவரை போன மாதமே வரைந்து முடித்துவிட்டேன்.

சிக்கல் அடுத்த தலைமுறையில். ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். மகன்கள் ஐவரும் வரிசையாகப் பட்டத்துக்கு வந்து, வரிசையாக வாரிசில்லாமல் போனார்கள். கடைசி இருவரான வால்டரும் ஆன்செல்மும் 1245 முடிவில் ஒரு மாதத்துக்குள் காலி. ஃபெர்ன்ஸ் பிஷப்பின் நிலத்தைத் தகப்பன் பிடுங்கியதால் வந்த சாபம் என்று அந்தக் காலத்துத் துறவி, வரலாற்றாசிரியர் மேத்யூ பாரிஸ் எழுதிவைத்திருக்கிறார். சாபமோ என்னவோ, எனக்கு நல்ல வேலை வைத்துவிட்டது.

மகன்கள் இல்லாததால் 1247இல் ஐந்து மகள்கள் வழியில் பாகப்பிரிவினை. லென்ஸ்டர் மட்டும் ஐந்து பங்கு, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 343 பவுண்டு 5 ஷில்லிங் 6½ பென்னி. அதற்குள் மகள்களில் மூத்தவள் மோட் ஒருத்திதான் உயிரோடு இருந்தாள். அவளுக்குக் கார்லோ. மகள் இசபெல்லின் பங்கான கில்கென்னி அவள் மகனுக்கு, ஜோனின் பங்கான வெக்ஸ்ஃபர்ட் அவள் மகளுக்கு. மகள் ஈவாவின் பெண்களில் மார்ட்டிமர் வீட்டுக்குப் போனவளுக்கு டனமேஸ் கோட்டை. மிச்சம் சிபிலின் பங்கு, கில்டேர். இங்கேதான் மூன்று வாரம்.

சிபிலுக்கு வில்லியம் டி ஃபெரர்ஸ் மூலம் பிறந்தவை எல்லாம் பெண்கள். ஆறு பேர் என்று குறித்துவைத்திருந்தேன். அப்போது கடைசித் தலைமுறையில் ஒருத்தியின் பங்கு லென்ஸ்டரில் 30இல் ஒன்று.

பவுண்டு, ஷில்லிங்கை அப்படியே விரிதாளில் போட்டுத் தசமத்தில் வகுக்காதீர்கள். நான் பட்டுவிட்டேன். முதலில் எல்லாவற்றையும் அரை பென்னியாக மாற்றுங்கள். ஒரு பவுண்டுக்கு 480, ஒரு ஷில்லிங்குக்கு 24. கில்டேர் பங்கு 1,64,773 அரை பென்னி. ஆறால் வகுத்தால் 27,462 போக மீதி 1. ஒரே ஒரு அரை பென்னி! சூத்திரத்தை நான்கு முறை மாற்றி எழுதினேன், ஸ்கேனில் ½ என்பதைத் தப்பாகப் படித்தேனோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை.

கோளாறு கணக்கில் இல்லை, ஆளில். ஒரு இணையக் குடும்ப மரத்திலிருந்து சிபிலின் பெண்களைச் சோம்பேறித்தனமாக எடுத்திருந்தேன். அதைப் போட்ட புண்ணியவான் சிபிலின் மகள் மோட் டி ஃபெரர்ஸையும் ஈவாவின் மகள் மோட் டி பிரோஸையும் ஒரே ஆளாக்கி, ஈவாவின் மகளாகச் சேர்த்துவிட்டார். இருவரும் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள். பிரோஸ் மோட் ஒரே ஒருவரை, ரோஜர் மார்ட்டிமரை மணந்தவள். ஃபெரர்ஸ் மோட்டுக்கு மூன்று கணவர்கள்: கைம், விவோன், ரோஷ்ஷுவார். கணவன்மார் பட்டியலை வைத்துப் பிரித்ததும் சிபிலின் பெண்கள் ஏழானார்கள். ஆக்னஸ், இசபெல், மோட், சிபில், ஜோன், அகதா, எலினார்.

1,64,773ஐ ஏழால் வகுத்தேன். 23,539. மீதி பூஜ்யம். ஆளுக்கு 49 பவுண்டு 9½ பென்னி, 35இல் ஒரு பங்கு. நாற்காலியை விட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். மீதியில்லாமல் வகுபடுவது மட்டும் ஆதாரமாகாது என்று எனக்கும் தெரியும். உண்மையான சாட்சி கணவன்மார் பட்டியல்தான். ஆனாலும் கண்ணுக்குக் குளிர்ச்சி.

இந்தக் குடும்பத்தில் பெயருக்குத்தான் பஞ்சம். இசபெல் மட்டும் பலர்: தாய், மகள், பேத்திகள். அதனால் பெயரை நம்பாமல் ஒவ்வொருத்திக்கும் எண் கொடுத்து, கிளைக்கு ஒரு நிறப் பென்சில் வைத்திருக்கிறேன். தாள் விஷயத்தில் ஒரு யோசனை: கட்டட பிளான் அச்சடிக்கும் கடையில் மிச்ச உருளைத் தாள் மலிவாகத் தருவார்கள். சார்ட் பேப்பரை ஒட்டி ஒட்டி மாரடிக்க வேண்டாம்.

அடுத்தது கில்கென்னிக் கிளை. மகள் இசபெல்லின் கொள்ளுப்பேரன் கில்பர்ட் 1314இல் பானக்பர்ன் சண்டையில் செத்தான். அவன் மனைவி கர்ப்பம் என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் தங்கைகள் மூவருக்கும் 1317 வரை பங்கு பிரியவில்லை! அதற்குத் தனித் தாள் வெட்டிவைத்தாயிற்று.

ஆனால் இந்தத் தாளே முடியவில்லை. மூத்த மகன் வில்லியமின் விதவை எலினார், ராஜா மூன்றாம் ஹென்றியின் தங்கை, சைமன் டி மான்ட்ஃபர்ட்டை மறுமணம் செய்துகொண்ட பிறகும் மார்ஷல் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஆண்டுக்கு 400 பவுண்டு. அதை யார் யார் பங்கிலிருந்து எவ்வளவு கழிப்பது என்று இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லை. பச்சைப் பென்சில் வேறு தீர்ந்துவிட்டது.