சீட்டில் இருந்ததும் பில்லில் விழுந்ததும்

இதயத் தசை தளர்ந்து அறைகள் விரிந்துபோகும் டைலேட்டட் கார்டியோமயோபதி அம்மாவுக்கு இருப்பது சென்ற மார்கழியில் தெரியவந்தது. எக்கோ, ஆஞ்சியோகிராம், மாத்திரை மாற்றம் எல்லாம் புதுச்சேரியில் சிரமமின்றி முடிந்தன. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்காகக் கடலூரிலேயே ரத்தம் கொடுத்தபோதுதான் வில்லங்கம் வந்தது.

மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தது, இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான என்டி-புரோபிஎன்பி. முதல் முறை புதுச்சேரியில் பார்த்தபோது அது மில்லிலிட்டருக்கு 3,840 பிகோகிராம் இருந்தது. மூச்சிரைப்போடு அம்மாவை இரண்டு முறை அலைக்கழிக்க மனம் வராமல், திருப்பாதிரிப்புலியூரில் வீட்டுக்கு அருகிலுள்ள பரிசோதனைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த ஊழியர் கணினியில் தேடிவிட்டு பிஎன்பி என்று பில் போட்டார். முன்னால் உள்ள என்டி-புரோ விட்டுப்போயிற்றே என்று கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான் சார், ஹார்ட்டுக்குப் பாக்குறதுதானே" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலின் விலை 2,100 ரூபாயும் ஒரு நாள் விடுப்பும்.

மாலையில் வந்த அறிக்கையில் 412 என்று இருந்தது. அலகும் அதே பிகோகிராம் என்பதால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று தம்பியைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டேன். அறிக்கையில் பிஎன்பியின் விரிவில் இருந்த 'பிரெயின்' (மூளை) என்ற சொல்லைப் படித்த சித்தி மட்டும் "மூளைக்கு ஏன்பா டெஸ்ட் எடுத்தாங்க?" என்று கலங்கினார். 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிஎன்பியை முதலில் பன்றியின் மூளையில் கண்டெடுத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெருமளவு சுரப்பது இதயத்தின் கீழறைகளில்தான்.

மறுநாள் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில் கடந்து, அரியாங்குப்பம் நெரிசலில் வெந்து, புதுச்சேரி போய்ச் சேர்ந்தோம். மருத்துவர் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்தார். 412 என்ற எண்ணை அவர் பொருட்படுத்தவே இல்லை, அதற்கு இடப்பக்கம் இருந்த பெயரைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டார். பிறகு தாளின் பின்புறம் ஒரு கோடு இழுத்து, 108 என்று எழுதி, அதை இரண்டாக வெட்டிக் காட்டினார். அழுத்தத்தால் இதயச் சுவர் இழுபடும்போது 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி உருவாகிறது. அது 32 உள்ள பிஎன்பி, 76 உள்ள என்டி-புரோபிஎன்பி என இரு துண்டுகளாகப் பிரிகிறது. சிறியது உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்ற உதவிவிட்டு விரைவில் மறைந்துவிடும். பெரியதற்கு அப்படி வேலை எதுவும் இல்லை என்றாலும் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதால் அதன் எண் பொதுவாகப் பெரிதாகவே வரும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்து மகிழ்ந்ததில் பொருளே இல்லை. போதாக்குறைக்கு, அம்மா சாப்பிடும் மாத்திரையிலுள்ள சாக்யூபிட்ரில், பிஎன்பியைச் சிதைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியைத் தடுப்பதால், இதயம் தேறிவரும்போதுகூட பிஎன்பி உயர்ந்து காட்டலாம். இந்த மாத்திரையில் இருப்பவர்களுக்கு என்டி-புரோபிஎன்பியைக் கேட்பது அதனால்தான்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அறிக்கை எங்கே என்று அடுத்துக் கேட்டார். சிறுநீரகம் மந்தமானாலும் என்டி-புரோபிஎன்பி எண் ஏறும் என்பதால் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டுமாம். அது வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. வந்த வழியே திரும்பினோம்.

பரிசோதனைக்கூடத்தில், ரத்தத்தைச் சோதித்து முடித்தபின் பணம் திரும்பாது என்றார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. சீட்டையும் பில்லையும் மேசைமேல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, விடுபட்ட எழுத்துகளின்மேல் விரலை வைத்தேன். பொறுப்பாளர் சற்று நேரம் பார்த்துவிட்டு, 2,100 ரூபாயைப் புதிய பரிசோதனையில் கழித்துக்கொண்டார். இம்முறை முழுப் பெயரும் பில்லில் அச்சான பிறகே அம்மாவின் கையில் பட்டை கட்ட விட்டேன்.

இரண்டு நாளில் வந்தது: 1,460. என் கனவு எண்ணைவிட மும்மடங்குக்கும் மேல் என்றாலும், மருத்துவர் கிரியேட்டினினோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இதுதான் உண்மையான இறக்கம் என்றார். மாத்திரையின் அளவையும் ஒரு படி கூட்டினார். அடுத்த பரிசோதனை ஆடியில். முதல் அறிக்கை, மூன்றாவது அறிக்கை, கிரியேட்டினின் மூன்றையும் ஒரே கோப்பில் சேர்த்துவிட்டேன். 412 மட்டும் தனியே மடித்துக் கிடக்கிறது.