மாண்டலின் முதுகுக்கு ஒரு கம்பிச் சட்டம், அப்புறம் வார்னிஷ் விஷயம்

மாண்டலின் என்றதும் நம்மவர்களுக்கு யூ. ஸ்ரீனிவாஸ்தான் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் போட்ட எலெக்ட்ரிக் மாண்டலின். தந்தியின் அதிர்வை, மின்சைகையாக மாற்றும் பிக்கப் நேராக எடுத்துக்கொள்ளும், முதுகு எதில் சாய்ந்திருக்கிறது என்பது அதில் பெரிய விஷயமில்லை. எட்டுத் தந்தி அக்கௌஸ்டிக் மாண்டலின் அப்படியில்லை. மேல்பலகையும் முதுகுப்பலகையும் சேர்ந்து அதிர்ந்தால்தான் அதற்கு நாதம். அந்த முதுகை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வலது முன்கையை மேல்பலகையில் அழுத்திக்கொண்டு, சத்தம் போதவில்லையே, வேறு வாத்தியம் வாங்கலாமா என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கே சிங்கப்பூரில் நிறைய பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செலவில்லாத ஒரு சோதனை. மாண்டலினை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சுருதி மிகத் தாழ்ந்த ஜி தந்தி ஜோடியை மீட்டுங்கள். நாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதுகை வயிற்றில் ஒட்டுங்கள். ஒலிக்கிற வெண்கலத் தாம்பாளத்தில் உள்ளங்கையை வைத்த மாதிரி அடங்கும். டோன்கார்ட் என்று விற்கிறார்களே, அந்தக் கம்பிச் சட்டம் செய்வது இதைத் தடுப்பது மட்டும்தான். விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதுகின்மேல் கூடு மாதிரி நிற்கும், உங்கள் வயிறு கம்பியில்தான் படும், மரத்தில் படாது. கீழ் ஸ்தாயியில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, சுரம் நின்று ஒலிக்கிறது. மேல் ஸ்தாயியில் அவ்வளவு இல்லை. செதுக்கிய முதுகு உள்ள ஏ, எஃப் வகைகளுக்குத்தான் இது பொருந்தும், குடம் வைத்த பழைய இத்தாலிய வகைக்கு உட்காராது.

சரி, வார்னிஷுக்கு வருவோம். சட்டத்தின் கால்கள் மரத்தைக் கீறாமல் இருக்க ரப்பரோ வினைலோ மாட்டியிருந்தால், கீறலுக்குப் பதில் வேறு ஆபத்து வருகிறது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற வகை வார்னிஷ் பூசிய வாத்தியத்தில் ரப்பரும் மென்மையான வினைலும் நெடுநேரம் பட்டுக்கொண்டிருந்தால், அவற்றில் கலந்திருக்கும் மென்மையாக்கிகள் லாக்கருக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். சூடு கூடக்கூட இது வேகமாக நடக்கும், நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நண்பர் ஒருவருடைய மாண்டலின் தலைப்பகுதியில், சுருதி பார்க்கும் கிளிப் ட்யூனர் கிடந்த இடத்தைப் பார்த்தேன். சுற்றிலும் பளபளப்பு, நடுவில் மட்டும் மங்கலாக ஒரு நீள்வட்டம். விரலால் தடவினால் பிசுபிசுப்பு. துடைத்தால் போகிற கறை இல்லை அது. மேலே ஒட்டிய அழுக்கு இல்லையே, லாக்கரே மாறிப்போயிருந்தது.

அதனால் நான் கறாராகக் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: வாசித்து முடித்ததும் சட்டம், ட்யூனர், வார் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது. பெட்டிக்குள் வாத்தியம் தனியாகத்தான் படுக்க வேண்டும். சட்டத்தின் கால்களுக்குச் சாயம் போகாத பருத்தித் துணியில் சின்ன உறை தைத்துப் போடலாம், தேக்கா சென்டர் மாடியில் உள்ள தையல்காரர்களிடம் கொடுத்தால் சிரமமில்லாமல் முடிந்துவிடும். சுவரில் மாட்டும் கொக்கியையும் தரையில் வைக்கும் ஸ்டாண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அங்கேயும் ரப்பர் நுரைதான் இருக்கும். பாலியூரித்தேன் பூச்சு இதையெல்லாம் நன்றாகவே தாங்கும், ஆனாலும் கறை படியலாம். எந்தப் பூச்சு என்று தெரியாவிட்டால் லாக்கர் என்றே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

கைத்தாங்கி பற்றியும் சொல்ல வேண்டும், சிங்கப்பூரில் சட்டத்தைவிட இதுதான் அவசியம் என்று எனக்குப் படுகிறது. வயலின் முகவாய்க்கட்டை மாதிரியே பக்கவாட்டில் திருகிப் பொருத்துவது. முன்கை மேல்பலகையை விட்டு எழும்பிவிடுவதால் சத்தம் திறக்கும், வேர்வையும் வார்னிஷில் படாது. மரத்தைத் தொடும் இடத்தில் தக்கை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திருகை நகராத அளவுக்கு முடுக்கினால் போதும், தக்கை நசுங்கும்வரை முடுக்கினால் விளிம்பில் தடம் விழும்.

கொசு மருந்தை மறக்காதீர்கள். டெங்கிக்குப் பயந்து எல்லோரும் பூசிக்கொள்கிறோம், பூசத்தான் வேண்டும், ஆனால் டீட் கலந்த மருந்து லாக்கரையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். பிகாரிடின் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. கைச் சுத்திகரிப்பான் தடவினால் நன்றாகக் காயட்டும். அதிலுள்ள ஆல்கஹால், அரக்கு பாலிஷ் போட்ட பழைய வாத்தியங்களுக்கு எமன்.

ஈரப்பதம் தனிக் கதை. பெட்டிக்குள் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் மரம் சுகமாக இருக்கும், வெளியே நமக்கு 80ஐத் தாண்டுகிறது. சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் போடுங்கள்.

கடைசியாக, காசே ஆகாத ஒன்று. குதிரைக்கும், தந்திகளின் அடிமுனையை மாட்டியிருக்கும் டெயில்பீஸுக்கும் நடுவே உள்ள தந்தித் துண்டுகள், நீங்கள் மீட்டாமலே கிணுகிணு என்று கூடப் பாடும். ஒரு மெல்லிய தோல் பட்டையைத் தந்திகளுக்கு மேலும் கீழுமாகப் பின்னிவிடுங்கள், பலகையைத் தொடாதபடி. வாசிப்பை நிறுத்தினால் சத்தமும் உடனே நிற்கும். பிடிக்காவிட்டால் உருவி எடுத்துவிடலாம், வார்னிஷுக்கு ஒன்றும் ஆகாது.