கைத்துப்பாக்கி பெர்மிட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தால்: நாட்குறிப்பு

2025 மார்ச் 3, திங்கள்

அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி பற்றிப் பேசும்போது இரண்டு நிலைமைகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒன்று, அதற்கான பெர்மிட்டே (அரசு தரும் உரிமம்) வாங்காதது. மற்றொன்று, வாங்கிய பெர்மிட்டைக் கையில் எடுத்து வராதது. பல மாநிலங்களில் இவற்றுக்கு வேறு வேறு தண்டனை.

வட கரோலினாவில் பெர்மிட் இல்லாதவர் முதல் முறை சிக்கினால் இரண்டாம் வகுப்புச் சிறுகுற்றம். மறுபடி சிக்கினால் பெருங்குற்றம். செல்லுபடியாகும் பெர்மிட் இருந்தும் அட்டையை மறந்தவருக்கு வெறும் விதிமீறல்தான், அபராதம் 100 டாலருக்கு மேல் போகாது. பணம் கட்டுவதற்குப் பதிலாக பெர்மிட்டையே ஒப்படைத்துவிடலாம் என்றும் சட்டம் இடம் தருகிறது. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். நூறு டாலரை மிச்சம் பிடிக்கப் போய் பயிற்சி வகுப்பு, கைரேகை, ஷெரிஃப் (பெர்மிட் வழங்கும் உள்ளூர்க் காவல் தலைவர்) அலுவலகம் என்று முதலிலிருந்து அலைய வேண்டிவரும்.

அங்கே பெர்மிட்டோடு அடையாள அட்டையும் இருக்க வேண்டும். போலீஸ் அதிகாரி அணுகிப் பேசினால், அவர் கேட்கும் வரை காத்திராமல் ‘பெர்மிட் இருக்கிறது, துப்பாக்கி வைத்திருக்கிறேன்’ என்று நீங்களே சொல்ல வேண்டும். சொல்லத் தவறினாலும் அதே அபராதம்தான்.

2025 மார்ச் 4, செவ்வாய்

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. காலாவதியான அட்டையைப் பையில் வைத்திருப்பது ‘மறந்துவிட்டேன்’ கணக்கில் வராது. தேதி முடிந்துவிட்டால் பெர்மிட் இல்லை என்றே பொருள். வட கரோலினா பெர்மிட்டுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. முடியும் தேதியை இன்றே காலண்டரில் குறித்துவையுங்கள்.

அட்டை தொலைந்துபோனால் அதை வழங்கிய ஷெரிஃபுக்குத் தெரிவிப்பது கடமை. நோட்டரி முன் கையெழுத்திட்ட வாக்குமூலத்தோடு 15 டாலர் கட்டினால் நகல் கிடைக்கும். அது கைக்கு வரும் வரை துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும்.

2025 மார்ச் 7, வெள்ளி

வர்ஜீனியாவில் அதிகாரி கேட்டும் அட்டையைக் காட்ட முடியாவிட்டால் 25 டாலர் சிவில் அபராதம். செல்லுபடியாகும் பெர்மிட்டையும் அரசு அடையாள அட்டையையும் பின்னர் நீதிமன்றத்தில் காட்டினால், நீதிபதி அதையும் தள்ளுபடி செய்யலாம். ஆகவே சம்மன் வந்தால் கடுப்பில் பணத்தைக் கட்டி முடிக்காமல், இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு குறித்த நாளில் நேரில் போங்கள்.

மிச்சிகன் அவ்வளவு இளகியதல்ல. அட்டை கையில் இல்லாததற்கு 100 டாலர். துப்பாக்கி இருப்பதை உடனே சொல்லாததற்கோ முதல் முறையே 500 டாலர், ஆறு மாத உரிம இடைநிறுத்தம். மூன்று ஆண்டுக்குள் இரண்டாவது முறை என்றால் 1,000 டாலர், உரிமமும் ரத்து. மறதியைவிட மௌனத்துக்குத்தான் அங்கே விலை அதிகம். அட்டை இல்லை என்ற பதற்றத்தில் துப்பாக்கி இருப்பதையே சொல்லாமல் விடுவதுதான் ஆகப் பெரிய தப்பு.

அதோடு, அதிகாரி துப்பாக்கியை அங்கேயே கைப்பற்றலாம். 45 நாட்களுக்குள் அந்தக் காவல் துறையிடம் உரிமத்தைக் காட்டினால் திருப்பித் தர வேண்டும். அந்த அவகாசத்தைத் தவறவிட்டால் துப்பாக்கி கைவிட்டுப் போகும்.

2025 மார்ச் 10, திங்கள்

கவலை தருவது நியூயார்க். உரிமம் பெற்றவர் கேட்டபோது அதைக் காட்டத் தவறினால், அவரிடம் முறையான உரிமம் இல்லை என்று அனுமானிக்க அதுவே சான்று என்கிறது அந்த மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 400வது பிரிவு. உரிமத்தைக் காட்டி இந்த அனுமானத்தை உடைக்கலாம். ஆனால் கைது, துப்பாக்கி பறிமுதல், வழக்கறிஞர் செலவு எல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். உரிமமின்றி வெளியிடத்தில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி வைத்திருப்பது அங்கே குறைந்தது மூன்றரை ஆண்டு, அதிகபட்சம் 15 ஆண்டு சிறை தரக்கூடிய பெருங்குற்றம். மாநிலத்தின் வேறு பகுதியில் வாங்கிய உரிமம் நியூயார்க் நகரத்துக்குள் தானாகச் செல்லாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பென்சில்வேனியாவும் இதே வழிதான். கைதின்போதோ முதற்கட்ட விசாரணையிலோ உரிமத்தைக் காட்டாவிட்டால், உரிமம் இல்லை என்ற அனுமானம் எழும். அதை மறுத்து நிரூபிக்கலாம்.

2025 மார்ச் 13, வியாழன்

‘எங்கள் மாநிலத்தில் பெர்மிட்டே தேவையில்லை, பிறகெதற்கு அட்டை?’ என்ற கேள்விக்கு இரண்டு பதில்.

ஃபுளோரிடாவில் 2023 ஜூலை 1 முதல், தகுதியுள்ளவருக்கு உரிமம் கட்டாயமில்லை. ஆனாலும் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். தவறினால் 25 டாலர்.

இரண்டாவது பதில் கூட்டாட்சிச் சட்டம், அதாவது நாடு முழுவதற்குமான மத்தியச் சட்டம். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்க அது விதிக்கும் தடையிலிருந்து விலக்குப் பெறும் முக்கிய வழி, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே வழங்கிய உரிமம். பக்கத்து மாநிலத்தின் அட்டை இதற்குப் போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

2025 மார்ச் 15, சனி

சாலையோரம் போலீஸ் நிறுத்தினால்: காரை ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள், இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். துப்பாக்கி எங்கே, அட்டை எங்கே என்று முதலில் வாயால் சொல்லுங்கள், அதிகாரி சொன்ன பிறகே கையை நகர்த்துங்கள். பெர்மிட்டும் டிரைவர் லைசென்ஸும் பர்ஸில் ஒரே அறையில் இருந்தால் தேடல் குறையும். துப்பாக்கி இருக்கும் கிளவ் பாக்ஸில் அட்டையை ஒருபோதும் வைக்காதீர்கள். அட்டைக்காக நீட்டும் கை துப்பாக்கிக்கு நீட்டுவதுபோல்தான் தெரியும். போனில் உள்ள அட்டையின் படத்தையும் நம்ப வேண்டாம்.

2025 மார்ச் 18, செவ்வாய்

அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு. எச்-1பி (வேலைக்கான தற்காலிக விசா) போன்ற குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். 15 ஆண்டு வரை சிறை. கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) உள்ளவர் வட கரோலினா போன்ற மாநிலங்களில் பெர்மிட் வாங்கலாம். ஆனால் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததாகத் தண்டனை விழுந்தால் அது நாடுகடத்தலுக்குக் காரணமாகலாம். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டால் தீர்ப்பை நிறுத்திவைக்கிறோம்’ என்று அரசுத் தரப்பு முன்வந்தாலும், குடியேற்றச் சட்டத்தின் பார்வையில் அது தண்டனையாகவே எண்ணப்படக்கூடும். கையெழுத்திடும் முன் குற்றவியல் வழக்கறிஞரோடு குடியேற்ற வழக்கறிஞரும் அந்தத் தாளைப் படித்திருக்க வேண்டும்.