மத்தியான ஷிப்டும் மொட்டை மாடித் தொட்டியும்

டயாலிசிஸ் இயந்திரம், சுத்திகரித்த தண்ணீரில் உப்புகள் கலந்த திரவத்தை நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் அளவில் ஓட விடுகிறது. 4 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு நோயாளிக்கு 120 லிட்டர். நாம் குடிக்கும் தண்ணீரைக் குடல் பார்த்துத்தான் உள்ளே விடும். இங்கே 120 லிட்டருக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு மட்டும் இருக்கிறது. கூழ்மங்கள் பாடம் நடத்தும்போது பல வருடங்கள் இதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு டயாலிசிஸ் அறைக்குள் கால் வைத்ததோ, பாளையங்கோட்டையில் நான் பார்த்த வேதியியல் பேராசிரியர் வேலையின் பிற்பகுதியில்தான்.

கூப்பிட்டது திருநெல்வேலியில் உள்ள ஒரு மருத்துவமனை. தண்ணீரைச் சோதித்துத் தர வேண்டும் என்றார்கள். கடினத்தன்மை, எஞ்சிய குளோரின், அலுமினியம் பார்த்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் போனேன். அங்கே ஆர்.ஓ. பம்ப்பைப் பார்க்க வந்திருந்தவர் என் பழைய நண்பர், பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் நடத்துகிறவர். அந்தப் பிரிவின் பொறுப்பு சிஸ்டர் எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டார். அது தண்ணீரின் சுத்தத்தைப் பற்றியதே இல்லை.

"சார், சித்திரை வைகாசியில மத்தியான ஷிப்ட்ல மட்டும் ஏன் இவ்வளவு பேருக்கு பி.பி. இறங்குது? காலை ஷிப்ட்ல இப்படி இல்லையே?"

டயாலிசிஸ் நடக்கும்போது ரத்த அழுத்தம் சரிவது புதிதல்ல. உடம்பில் தேங்கிய நீரை இயந்திரம் இழுக்கிறது. இழுக்கிற வேகத்துக்கு ரத்தக்குழாய்களால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் அழுத்தம் விழும். வியர்க்கும், வாந்தி வரும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கால்களை உயர்த்தி வைத்து, சலைன் கொடுத்து, நீர் எடுப்பதை நிறுத்தி வைப்பார்கள். சிஸ்டரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. மருத்துவமனையின் அதிகாரப்பூர்வப் பதிவேடு வேறு. இது அவராக எழுதி வந்தது. யாருக்கு எத்தனை மணிக்கு இறங்கியது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அவருக்கே உரிய சுருக்கெழுத்தில் இருக்கும். பல இடங்களில் "கொட்டாவி" என்று எழுதி அடிக்கோடு. அழுத்தம் விழுவதற்கு முன் நோயாளிகள் அடுத்தடுத்துக் கொட்டாவி விடுவார்களாம். பி.பி. கருவி அரை மணிக்கு ஒரு தடவைதான் அளக்கும். சிஸ்டர் நடந்துகொண்டே பார்த்துவிடுவார்.

என் புத்தி உடனே வேதியியலுக்குத்தான் போனது. கரைசலில் சோடியம் குறைகிறதோ, கால்சியம் குறைகிறதோ என்று காலையிலும் மத்தியானத்திலும் மாதிரி எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இல்லை.

நண்பர் மாடிப்படி ஏறினார். மேலே கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. அதிலிருந்து வெயிலிலேயே படுத்துக் கிடக்கும் பி.வி.சி. குழாய். திருநெல்வேலிச் சித்திரை வெயிலைத் தெரிந்தவர்களுக்கு மத்தியானம் 2 மணிக்கு மாடிக் குழாயைத் திறந்தால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் விளக்கியது இதுதான்: டயாலிசிஸ் இயந்திரத்துக்குள் திரவத்தைச் சூடாக்க ஹீட்டர் இருக்கிறது. குளிர வைக்க எதுவும் இல்லை. குளிர்நாட்டில் குழாயில் 10 டிகிரியில் வரும் தண்ணீரை 36, 37 டிகிரிக்கு ஏற்றுவதற்காகச் செய்தது அது. உள்ளே வரும் தண்ணீரே அதைவிடச் சூடாக இருந்தால் ஹீட்டர் அணைந்து கிடக்கும், அவ்வளவுதான். திரவம் எல்லை மீறினால் அலாரம் அடித்து பைபாஸுக்குப் போகும். அதாவது திரவம் நோயாளியின் சவ்வுப் பக்கம் போகாமல் நேரே வடிகாலுக்கு ஓடும். எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றால் அலாரமும் அடிக்காது. ரத்தம் சூடாகும், தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும். திரவத்தைக் கொஞ்சம் குளிர்ச்சியாக வைத்தால் அழுத்தம் சரிவது குறைகிறது என்பது 1980-களின் தொடக்கத்திலேயே வெளிவந்துவிட்ட விஷயம்.

எனக்கு இது போதும் என்று தோன்றியது. நண்பர் முகத்தில் கணக்கு விடை சரியாக வந்த சந்தோஷம். சிஸ்டர் மட்டும் அசையவில்லை.

"நீங்க தொட்டியப் பாக்கீய, சரி. மத்தியானம் வாரவங்க எங்கேருந்து வாராங்கன்னு பாத்தீயளா?"

அப்புறம் அவர் வரிசையாகச் சொன்னார். காலை ஷிப்டில் வருகிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்து ஆட்கள். வண்ணார்பேட்டை, மேலப்பாளையம், டவுன். மத்தியான ஷிப்ட் ஊர்ப்புறத்து ஆட்களுக்கு. ராதாபுரம், திசையன்விளை, களக்காடு பக்கமிருந்து பஸ் மாறி வருகிறவர்கள். வெயிலில் வந்து இறங்கியதும் பசிக்கும். பஸ் ஸ்டாண்டில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு நேரே படுக்கைக்கு வருவார்கள். வயிறு நிறைய இருந்தால் ரத்தம் குடல் பக்கம் திரும்பும், அழுத்தம் இறங்கும். சிலர் பி.பி. மாத்திரையை டயாலிசிஸ் அன்றும் மறக்காமல் போட்டுவிட்டு வருவார்கள். இதெல்லாம் போக, சித்திரை என்றால் தேரிப் பக்கம் பதநீயும் நுங்கும். குடிக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும், பனைக்கு நடுவில் பிறந்து வளர்ந்த ஆளுக்கு அது நடக்கிற காரியமா? இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை கூடுதலாக ஏறும். அதிகம் ஏறினால் அதிகம் இழுக்க வேண்டும், வேகமாக இழுக்க வேண்டும், அழுத்தம் விழும்.

ஆக, ஒரே மத்தியானத்துக்குள் சூடான தண்ணீர், பரோட்டா, மாத்திரை, பதநீ எல்லாம் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. நண்பரின் வெப்பமானிக்கு அதில் ஒன்று தெரியும். என் ஆய்வகத்துக்கு ஒன்றுமே தெரியாது. பதநீரில் பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டால் அளந்து சொல்வேன். அதை யார், எப்போது, வீட்டுக்குத் தெரியாமல் குடித்தார் என்பது சிஸ்டரின் காதுக்குத்தான் வரும். "அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க, பதநீ எத்தன செம்பு?" என்று அவர் கேட்கும் தோரணையில் பதில் வந்துவிடும். டாக்டரிடமும் வராது, வெள்ளைக் கோட்டு போட்ட பேராசிரியரிடமும் வராது.

இந்தத் துறையின் பழைய கதையைப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கிறது. 1861-இல் கூழ்மங்களையும் படிகப் பொருள்களையும் சவ்வு வழியே பிரித்துக் காட்டி டயாலிசிஸ் என்று பெயர் வைத்த தாமஸ் கிரஹாம் ஒரு வேதியியலாளர். 1943-இல், போர்க்காலத்தில், நெதர்லாந்தின் காம்பன் ஊரில் சுழலும் உருளையில் செலோஃபேன் குழாயைச் சுற்றி, நடைமுறைக்கு உதவிய முதல் செயற்கைச் சிறுநீரகத்தை ஓட்டிய வில்லெம் கோல்ஃப் ஒரு மருத்துவர்; அதைச் செய்து கொடுக்க உதவியது உள்ளூர் எனாமல் ஆலை. 1960-இல் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவரும் குவின்டன் என்ற பொறியாளரும் சேர்ந்து டெஃப்லான் குழாயைக் கையில் நிரந்தரமாகப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகுதான் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொண்டு வாழ முடிந்தது. வருடக்கணக்கில் என்றால், வாரா வாரம் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று கொட்டாவியைக் கவனிக்க வேண்டும். அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

சரி, எங்கள் வேலைக்கு வருகிறேன். ஆய்வாகவே செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதியதே பெரிய வேலை. ஆய்வகத்தில் ஒரு டைட்ரேஷன் சந்தேகமாக இருந்தால் பியூரெட்டைக் கழுவிவிட்டு மறுபடி செய்வேன். மூன்று அளவு ஒத்துப்போகும் வரை விடமாட்டேன். நண்பரும் அப்படித்தான், பம்ப்பை நிறுத்தி மறுபடி ஓட்டுவார். படுத்திருக்கும் மனிதரிடம் "மறுபடி" என்ற பேச்சே கிடையாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனால் போனதுதான். அதனால் சிஸ்டர் சொன்னபடி படிவத்தைத் திருத்தினோம். நாங்கள் முதலில் போட்ட படிவத்தில் தண்ணீரின் வெப்பநிலை, மின்கடத்துத்திறன், பி.பி. என்று எண்களுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. அவர் சேர்த்த கட்டங்கள்: கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, என்ன, காலையில் போட்ட மாத்திரை, ஏறிய எடை, வந்தது பஸ்ஸிலா ஆட்டோவிலா, கொட்டாவி.

இன்னொரு நியாயமான தகராறும் வந்தது. தொட்டியை வெயிலில் விட்டும் நிழலில் வைத்தும் ஒப்பிட வேண்டும் என்றார் நண்பர். முறைப்படி சரிதான். சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. சூடு ஆகாது என்று தெரிந்த பிறகு ஒப்பீட்டுக்காக ஒரு மாதம் அதே சூட்டை எப்படி விட்டுவைப்பது என்றார். அந்த வாரமே தொட்டிக்கு மேல் தகரக் கூரை, குழாய்க்கு வெப்பக் காப்புறை. ஆய்வின் வடிவம் அங்கேயே பாதி கெட்டுப்போனது என்று நண்பர் முணுமுணுத்தார். எனக்கு சிஸ்டர் சொன்னதுதான் சரி என்று அன்றும் பட்டது, இன்றும் படுகிறது.

கூரை போட்ட பின் வெப்ப அலாரம் ஏறக்குறைய நின்றுவிட்டது. பி.பி. இறங்குவதும் குறைந்தது. நண்பர் கட்டுரையின் தலைப்பையே எழுதிவிட்டார். ஆனால் அதற்குள் ஆனி பிறந்து, குற்றாலத்தில் சாரல் தொடங்கி, மேல்காற்று வீச ஆரம்பித்திருந்தது. பதநீர் காலமும் முடிந்திருந்தது. "கூரையா, காத்தா?" என்று சிஸ்டர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. அடுத்த சித்திரை வரை காத்திருந்தோம். மறு வருடமும் அலாரம் அடிக்கவில்லை. அந்த மட்டில் கூரை வென்றது. அழுத்தம் இறங்குவதைப் பற்றி அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியவில்லை. முதல் வருடப் பட்டியலில் இருந்தவர்களில் சிலர் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டு டயாலிசிஸுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள், சிலர் வேறு ஊருக்கு மாறினார்கள், சிலர் இறந்துபோனார்கள். புள்ளியியலில் இதற்கு "விடுபட்டவர்கள்" என்று ஒரு நெடுவரிசை உண்டு. சிஸ்டர் அதை நிரப்பும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் ஏதாவது சொல்லிக்கொண்டே நிரப்பினார்.

கட்டுரையை எழுதிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்கே கோபம் வரும். வேதியியல் இதழ் ஒன்று இது மருத்துவம் என்று திருப்பி அனுப்பியது. செவிலியர் இதழ் ஒன்று இது பொறியியல் என்றது. நடுவில் வரைவைப் பார்த்த ஒரு மூத்தவர், சிஸ்டர் பெயரை ஆசிரியர் வரிசையிலிருந்து எடுத்து நன்றியுரையில் போடச் சொன்னார். முனைவர் பட்டம் இல்லையாம். கேள்வியைக் கேட்டவர், படிவத்தை வகுத்தவர், தரவைத் திரட்டியவர், எங்கள் அவசர முடிவைத் தடுத்தவர் அவர். ஆசிரியர் என்பதற்கு மருத்துவ இதழ்களே வகுத்து வைத்திருக்கும் விதிகளை அந்த மூத்தவருக்கு அச்சிட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. சிஸ்டர் பெயர் முதலில் நின்றது. ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் கட்டுரை வந்தது. அதை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. அந்தக் கட்டடத்தில் தொட்டிகளுக்குக் கூரை இருக்கிறது.

இப்போது கையில் எடுத்திருக்கும் வேலை மழைக்காலத்தைப் பற்றியது. ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி கலங்கி வரும்போது குடிநீர்த் திட்டங்களில் படிகாரமும் (அது அலுமினிய உப்பு) குளோரினும் கூடும். இரண்டும் குடிப்பதற்குப் பாதுகாப்பான அளவில் இருந்தாலும் டயாலிசிஸுக்கு ஆகாமல் போகலாம். குடிநீரில் அலுமினியம் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழி இல்லையென்றால் 0.2 வரை என்கிறது இந்தியத் தரநிர்ணயம். டயாலிசிஸ் நீருக்கான எல்லை 0.01. மீறினால் என்ன ஆகும் என்பதை 1970-களில் மூளை பாதிக்கப்பட்ட நோயாளிகள் மூலம்தான் உலகம் தெரிந்துகொண்டது. குளோரின் அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் ஆனால் அது ஆர்.ஓ. சவ்வையும் தாண்டிப்போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அதைத் தடுப்பது முன்னால் நிற்கும் கரித்தொட்டிகள் மட்டுமே. அந்தக் கரி எப்போது தீர்ந்துபோகிறது என்பதை மின்கடத்துத்திறன் மீட்டர் காட்டாது. குளோரினைக் காட்டிக்கொடுக்கும் டி.பி.டி. மருந்தைப் போட்டு இளஞ்சிவப்பு வருகிறதா என்று ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன் ஒருவர் பார்த்தாக வேண்டும். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில், நீலப்பச்சைப் பாசியின் நச்சு கலந்த நீர்த்தேக்கத் தண்ணீர் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் டேங்கரில் வந்து, 50-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகள் இறந்தார்கள். 2023 டிசம்பரில் எங்கள் பக்கம் வந்த வெள்ளத்துக்குப் பிறகு டேங்கர் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் மூவருக்கும் அந்த ஊர்தான் ஞாபகம் வருகிறது.

இந்த முறை படிவத்தை சிஸ்டரே வரைந்தார். கலங்கல், குளோரின், அலுமினியம் எனக்கு. அழுத்தமும் ஓட்டமும் நண்பருக்கு. தண்ணீர் ஆற்றுக் குழாயா, போர்வெல்லா, டேங்கரா, டேங்கர் என்றால் எங்கே நிரப்பியது என்ற கட்டத்தை டிரைவரிடம் கேட்டு நிரப்புவதற்காகத் தனக்கு வைத்துக்கொண்டார். நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்ததும் தொடங்க வேண்டும்; புரட்டாசி முடிவதற்குள் வந்தால் நல்லது.